பார்சல் எங்கே போச்சு?

ஆன்லைன்ல மிக்சி ஆர்டர் பண்ணியாச்சு. செல்போனைத் திறந்தா நாலு நாளா "வந்துகொண்டிருக்கிறது"ன்னே நிக்குது. அஞ்சாம் நாள், "வீட்டில் ஆள் இல்லை, திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது"ங்குது. தாத்தா திண்ணையை விட்டு நகரவே இல்லை!

விஷயம் இதுதான். ஒவ்வொரு கிடங்கிலேயும் பார்சல் மேல இருக்கிற பார்கோடை யாராவது ஸ்கேன் பண்ணினாதான் நிலவரம் மாறும். மூட்டையோட மூட்டையா லாரியில ஏறிட்டா, அடுத்த ஸ்கேன் வரைக்கும் பழைய தகவல்தான்.

பார்சல் வந்து சேரலைன்னா, நிறுவனத்துக்குப் புகார் கொடுங்க. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிப்படி, புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துக்குள்ள நிறுவனம் ஒப்புக்கணும். ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். அசையலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்க. ஆர்டர் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமா வெச்சுக்கோங்க.