ஊருக்குச் சொல்லாவிட்டாலும் டொக்டருக்குச் சொல்லுங்கோ

(சங்க மகளிர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)

எனக்கு மேடையிலை பேசிப் பழக்கமில்லை. பக்டரியிலை மெசினுக்கு முன்னாலை நிக்கிறவள் நான். எங்கடை ஆக்கள் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிற ஒரு விசயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது சலம் போகிற விசயம்.

சில இளம் பெண்களுக்குச் சலப்பை நிறைந்திருந்தும் சலம் போகாது. 1980களில் இங்கை லண்டனில் கிளேர் ஃபவுலர் என்ற பெண் டொக்டர் இந்த வருத்தத்தை விளக்கினார். அவருடைய பெயரே அதற்கு வந்தது. எனக்கும் அதுதான். வேறு சிலருக்கு நேர்மாறு. அடக்க முடியாமல் ஓடி ஓடிப் போகவேண்டும். வேறு வைத்தியம் சரிவராவிட்டால் இரண்டு பகுதியினருக்கும் ஒரு கருவி வைக்கிறார்கள். நாரிக்குக் கீழே உள்ள எலும்புத் துவாரத்தால், சலப்பையை ஆளும் நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய வயர் ஒன்று. பிட்டத்தின் மேற்பக்கத் தோலுக்குக் கீழே சின்னப் பற்றரிப் பெட்டி. அது நரம்புக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும். கூட்டவும் குறைக்கவும் நிற்பாட்டவும் எங்கள் கையில் றிமோட் இருக்கும். அமெரிக்காவில் 1997இலேயே இதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளை தங்கினால் கருவியை நிற்பாட்டச் சொல்வதுதான் வழமை. பிள்ளைக்குக் கெடுதல் என்று கண்டுபிடித்ததால் அல்ல. கெடுதல் இல்லை என்று முழுதாக நிரூபிக்கப்படாததால்.

நானும் நிற்பாட்டினேன். ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. "மூண்டு மாசம் கழியுமட்டும் வாய் திறக்காதை பிள்ளை" என்று மாமி ஊரிலிருந்து போனில் சொன்னா. அதனால் கருவி வைத்த கிளினிக்குக்கும் சொல்லவில்லை. சில நாளிலேயே சலம் பழையபடி தேங்கத் தொடங்கியது. வேலையில் ரொயிலற்றுக்குப் போய் வெறுமனே இருந்துவிட்டு வருவேன். ஒன்பதாம் கிழமை நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் நோவும். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். பிள்ளைத்தாச்சிக்கு இந்தத் தொற்று முற்றினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளை மாதம் நிரம்பாமல் பிறக்கவும் கூடும் என்று சொன்னார்கள். அன்றிரவு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பிறகு நேர்ஸ் ஒருவர் கதீற்றர் எனும் மெல்லிய குழாயால் நானே சலத்தை எடுக்கப் பழக்கினார். வேலையில் சுப்பவைசரிடம் சொல்லி நேரம் கேட்டேன். அடிக்கடி சலம் சோதித்தார்கள். இப்படியே மாதங்கள் போயின. பிள்ளை சுகமாகப் பிறந்தாள். கருவியைத் திரும்பப் போட்டபோது பழைய அளவு வேலை செய்யவில்லை. கிளினிக்கில் மாற்றி அமைத்தார்கள்.

தங்கச்சிமாரே, இந்தக் கருவி உள்ளவர்கள் கேளுங்கோ. பிள்ளைக்கு யோசிக்கும்போதே கிளினிக்கில் கதையுங்கோ. கதீற்றர் பழகவேண்டுமென்றால் முன்பே பழகலாம். சலப்பைக்குக் குளிசை எடுத்தால் அதையும் கேளுங்கோ. நிற்பாட்டினால் நிலைமை மோசமாகும் சிலருக்கு, டொக்டர்மார் யோசித்துக் கருவியை ஓடவிடுவதும் உண்டு. அப்படியிருந்து நல்ல பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனபடியால் தனியே முடிவெடுக்காதேங்கோ. நாரியில் வயர் இருப்பதை மிட்வைஃபுக்கும், விறைப்பு ஊசி போடும் டொக்டருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கோ. சிசேரியன் என்றால் ஒப்பரேசன் செய்பவருக்கும் தெரியவேண்டும். இரத்தத்தை நிறுத்தச் சுடும் மின்கருவி இதைப் பாதிக்கலாம். சாதாரணமாகவும் பெறலாம். ஆனால் வயர் அசைந்திருக்கலாம், பிறகு சோதிக்கவேண்டும். பாஷை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, காசில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போய், வெட்கத்தில் பாதியை விழுங்கிவிட்டு வராதேங்கோ.

மாமியில் எனக்குக் கோபமில்லை. அவ சொன்னது ஊர்க் கண்ணுக்கு. டொக்டரையும் ஊரோடு சேர்த்தது என் பிழை. மூன்று மாதம் ஊருக்குச் சொல்லாமல் இருங்கோ. டொக்டருக்கு முதல் நாளே சொல்லுங்கோ.