மலைப்பாதையும் நைத்திரசு வாயுவும்

கினிகத்தேனையைக் கடந்து வட்டவளைக்கு ஏறும் பாதையில் மோட்டார் வண்டி செலுத்துவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. கொழும்பின் சமதரையிலே துள்ளி ஓடிய வண்டி, இங்கு வந்ததும் இளைக்கத் தொடங்குகிறது. ஏற்றம் அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே முழுக் காரணமன்று. வட்டவளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளியமுக்கம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்துவிடுகிறது. 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிராம் பெற்றோலை எரிக்க ஏறக்குறைய 15 கிராம் வளி வேண்டும். வளி மெலிந்தால் எரிபொருளும் குறைய வேண்டும். எரிபொருள் குறைந்தால் வலுவும் குறையும். வண்டியின் குறையன்று அது, மலைக்காற்றின் இயல்பு.

இந்த மெலிந்த காற்றிலே வேகப் போட்டி நடத்துவது மலைநாட்டுக்குப் புதிதன்று. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் மலையேற்ற மோட்டார்ப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. சித்திரை மாதத்துக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வளைவுகளில் வண்டிகள் உறுமிச் செல்வதைப் பார்த்த இளைஞர் பலருக்கு, தம்முடைய சிறு வண்டியும் அப்படி உறுமாதா என்ற ஆசை பிறப்பதில் வியப்பில்லை. அந்த ஆசைக்கு விற்பனையாளர் காட்டும் குறுக்கு வழிகளுள் ஒன்றுதான் நைத்திரசு ஒட்சைட்டு. கராச்சுகளில் ‘நைட்ரஸ்’ அல்லது ‘நொஸ்’ என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

இதுவும் பழைய வாயுவே. 1772இல் யோசேப்பு பிரீஸ்ட்லி இதனைக் கண்டறிந்தார். 1799இல் அம்பிரி டேவி இதைத் தாமே சுவாசித்துப் பார்த்து, அதன் மயக்கத்தையும் களிப்பையும் எழுதிவைத்தார். சிரிப்பூட்டும் வாயு என்று பெயர் பெற்று, பல் மருத்துவரின் அறைக்குள் அது புகுந்தது பின்னர் நடந்தது. இயந்திரத்துக்குள் அது பெருமளவில் புகுந்தது இரண்டாம் உலகப் போரில். மிக உயரத்தில் பறக்கும் செருமானியப் போர் விமானங்கள் மெலிந்த வளியால் வலுவிழந்தபோது, இவ்வாயுவைத் திரவமாகக் கொண்டு சென்று இயந்திரத்துள் செலுத்தினார்கள். ஆகவே, உயரத்தால் இழந்த மூச்சை மீட்கவே இவ்வாயு முதலில் இயந்திரத்துக்குப் பெருமளவில் ஊட்டப்பட்டது என்று சொல்லலாம். வட்டவளைப் பாதையில் இளைக்கும் வண்டிக்கும் அந்த விமானத்துக்கும் உள்ள நோய் ஒன்றே, அளவுதான் வேறு.

நைத்திரசு ஒட்சைட்டு தானாக எரிவதில்லை. பலர் அதனைப் பெற்றோலைப் போன்ற எரிபொருள் என்று எண்ணுவது தவறு. அதன் எடையில் 36 விழுக்காடு ஒட்சிசன்; சாதாரண வளியில் 23 விழுக்காடே. உருளைக்குள் வெப்பம் ஏறியதும் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. பிரியும்போதே வெப்பத்தையும் வெளிவிடுகிறது. அதற்கு முன், திரவ நிலையிலிருந்து விரிந்து ஆவியாகும்போது உள்ளே செல்லும் வளியைக் குளிர்வித்து அடர்த்தியாக்குகிறது. ஒட்சிசன் மிகுந்தால் மிகுந்த பெற்றோலை எரிக்கலாம். வலு கூடுவது அப்பெற்றோலால். இதை மறந்தவர்கள்தான் இயந்திரத்தை இழக்கிறார்கள்.

இனி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு வருவோம். இக்கருவிகளைச் செய்வோர் பொதுவாகக் கூறும் அளவு இது: நான்கு உருளை இயந்திரத்துக்கு 40 முதல் 60 பரிவலு, ஆறு உருளைக்கு 75 முதல் 100, பெரிய எட்டு உருளைக்கு 100 முதல் 150. ஆனால் இந்தக் கணக்கு பருத்த இயந்திரங்களை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது. மலைநாட்டுப் பாதைகளில் ஓடுபவையோ பெரும்பாலும் 660 அல்லது 800 கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறு மூன்று உருளை வண்டிகளும், மிஞ்சினால் 1500 அளவுள்ள நான்கு உருளை வண்டிகளும். 47 பரிவலுவே உடைய ஒரு சிறு வண்டிக்கு 40 பரிவலுவைச் சேர்ப்பது, ஒற்றைக் கூடை தூக்கும் முதுகில் இரண்டு கூடைகளை ஏற்றுவதற்கு ஒப்பாகும். சொந்த வலுவின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்று வைத்துக்கொள்வதே விவேகம். அதுவும் பழுதற்ற, அமுக்கம் குன்றாத இயந்திரத்துக்கே பொருந்தும். பழைய வண்டியை வாங்கி, எத்தனை மைல் ஓடியதென்றே தெரியாமல் இதைப் பூட்டுபவருக்கு எந்தக் கணக்கும் துணை நிற்காது.

இந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பிஸ்டன் எனப்படும் முசலம் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ளது என்று கொள்வோம். எரிதல் உச்சத்தில் இருக்கும்போது உருளையினுள் வளிமண்டல அமுக்கத்தைப் போல 60 மடங்கு அமுக்கம் எழுகிறது. அப்போது அந்தப் பிஸ்டனின் தலையில் விழும் சுமை இரண்டரை டன்னுக்கும் மேல். ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான முறை விழும் சுமை அது. வலுவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமையும் ஏறத்தாழ அந்த அளவில் கூடுகிறது. இணைக்கும் கோலும் சுழல்தண்டும் இதைச் சிறிது காலம் பொறுக்கும். பொறுக்காதது வேறொன்று.

பெற்றோல் ஒழுங்காக எரியாமல், ஒரு மூலையில் தானாக வெடிக்கும்போது எழும் தட்டல் ஓசையை ‘நொக்’ என்பார்கள். அந்த வெடிப்பில் அமுக்கம் கூர்முனையாக எழுந்து, ரிங்குகளைத் தாங்கும் மெல்லிய விளிம்புகளை உடைத்துவிடுகிறது. இன்றைய வண்டிகள் பலவற்றிலுள்ள வார்ப்புப் பிஸ்டன்கள் வெப்பத்தைத் தாங்குமேயன்றி அடியைத் தாங்கா. இதனாலேயே அறிந்த மெக்கானிக் முதலில் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளுகிறார். 50 பரிவலுவுக்கு இரண்டு பாகை என்பது வழக்கம். பிளக்கையும் ஒரு படி குளிர்ந்ததாக மாற்றுகிறார். 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95ஐ ஊற்றச் சொல்கிறார். முழு வாயில் திறந்து, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடும்போதன்றி வாயு திறவாதபடி ஆளியை அமைக்கிறார். இவற்றுள் ஒன்றைச் சிக்கனப்படுத்துபவர் பின்னர் ஓர் இயந்திரத்தின் விலையைக் கொடுக்க நேரலாம்.

மலைநாட்டவர் தனியாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வாயுக் கலத்தினுள் உள்ள அமுக்கம், கலம் எத்தனை வெப்பமாய் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 பாகை செல்சியசில் வளிமண்டலத்தைப் போல 40 மடங்கு. 20 பாகையில் 50 மடங்கு. 30 பாகையில் 62 மடங்குக்கு மேல். கொழும்பு வெயிலில் அளவு பார்த்துப் பூட்டிய கருவி வட்டவளை மழையில் நனையும்போது, வாயு குறைவாகவும் பெற்றோல் மிகுதியாகவும் சேரும். புகை கக்கும், வலு குன்றும், ஆனால் கேடில்லை. இதற்கு மாறானதே கேடு. நுவரெலியாவின் காலைக் குளிரில் சரிபார்த்த வண்டியை மலையிறக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கே ஆளியை அழுத்தினால், பெற்றோலின் அளவு அப்படியே நிற்க, வாயு மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாய்கிறது. மிஞ்சிய ஒட்சிசனுக்கு எரிக்கப் பெற்றோல் இல்லை; சுவாலை சூடேறி அலுமினியப் பிஸ்டனின் தலையை உருக்கித் துளைத்துவிடுகிறது. சில விநாடி போதும். 36 பாகையைத் தாண்டினால் கலத்தினுள் திரவம் என்று ஒன்றே இராது. வெயிலில் நிறுத்திய வண்டியின் பின்பெட்டி அந்த வெப்பத்தை எளிதில் எட்டும். கலத்தைத் தீயால் சூடேற்றி அமுக்கம் கூட்ட முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

அத்தனைக்கும் கிடைப்பது எவ்வளவு நேரத்து வலு? 40 பரிவலு கூட்ட விநாடிக்கு 16 முதல் 20 கிராம் வாயு செலவாகிறது. நாலரைக் கிலோ கொள்ளும் கலம் ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் வெறுமையாகும். கினிகத்தேனையிலிருந்து அட்டன் வரை ஏற அந்த நேரம் எம்மட்டும்? நேர்ப்பாதையில் சில விநாடிப் பாய்ச்சலுக்கு ஏற்பட்ட பொருளை, ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரின் வழுக்கும் வளைவுகளில் திறந்தால், சில்லு பிடி தளர்வதற்கே அது உதவும். அதே மலையில் ஏறும் இரயில் பாதையை அமைத்தவர்கள் 44க்கு 1 என்ற சரிவைத் தாண்டாமல் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். போதாதபோது இன்னோர் இயந்திரத்தைப் பூட்டினார்கள். மோட்டார் வண்டிக்குக் கியரைக் குறைப்பதே அதற்கு நிகரான வழி.

தவணைக் கடனில் எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டி வீட்டைக் காப்பவருக்கு உடைந்த பிஸ்டன் என்பது வெறும் உலோகத் துண்டன்று. மாதத் தவணை நிற்காது. வண்டி மட்டும் கராச்சில் நிற்கும். போட்டிக்கென்றே தனி வண்டி வைத்திருப்பவர் செய்யும் சோதனையை, உழைக்கும் வண்டியில் செய்வதற்கு நியாயம் காண்பது கடினம்.

ஏற்கெனவே பூட்டிவிட்டவர்கள் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அதன் வெண்பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. பீங்கான் வெளுத்துச் சுண்ணாம்பாகத் தோன்றினால் பெற்றோல் போதவில்லை. அதன்மேல் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ, மினுங்கும் சிறு வெள்ளிப் பொட்டுகளோ தென்பட்டால், அவ்வெள்ளி பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கே கலத்தின் வாயிலை மூடிக் குழாயைக் கழற்றிவிட வேண்டும்.