வரியில் மீண்டு வரும் பணம்

வருமான வரி என்றால் கொடுப்பதுதானே, அது ஏழையின் வீடு தேடி வருவது எங்ஙனம் என்று மாணவர்கள் வினவக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது நிகழ்கிறது. அங்கே ஊதியம் அளிப்போரே வரிக்கென ஒரு பகுதியைப் பிடித்து அரசாங்கத்திற்குச் செலுத்திவிடுவர். ஆண்டு முடிந்தபின் கணக்குப் பார்த்து, மிகுதியாகப் பிடித்ததை அரசாங்கம் திருப்பித் தரும். இதனை ரீஃபண்டு என்பர். 1975-இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று இதனோடு வேறொன்றையும் சேர்த்தது. உழைத்தும் குறைந்த வருமானமே பெறுவோருக்கு ஒரு வரிச்சலுகை. அது அவர் செலுத்த வேண்டிய வரியை விஞ்சுமாயின், விஞ்சிய தொகையும் அவர் கைக்கே வரும். 2024-ஆம் ஆண்டு வருமானத்திற்கு, மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பம் பெறக்கூடிய உச்ச அளவு 7,830 டாலர். குழந்தை இல்லாதவருக்கோ 632 டாலர்தான்!

வாரக் கூலியில் மிச்சம் பிடிக்க இயலாத வீட்டில், ஆண்டுக்கு ஒருமுறை வரும் இத்தொகையே சேமிப்புக்கு வாய்த்த ஒரே தருணம். அந்நாட்டின் பல ஊர்களில் மோட்டார் வண்டியின்றி வேலைக்குப் போக முடியாது. வண்டி பழுதானால் வேலையே போய்விடலாம். அப்போது கையில் பணமில்லாதவன் அடுத்த சம்பளத்தை நம்பிக் கடன் தருவோரிடம் ஓடுகிறான். நூறு டாலருக்கு இரண்டு வாரத்தில் பதினைந்து டாலர் கட்டணம் என்பது அங்கே வழக்கமான விகிதம். ஓராண்டு வட்டிக்கு அது எவ்வளவாகும் என்பதைக் கணிதம் பயிலும் மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்; நூற்றுக்கு முந்நூற்றுத் தொண்ணூறையும் தாண்டும்.

ஆயினும், ரீஃபண்டு வந்தவுடன் கரைந்துவிடுகிறதே என்று அவர்களை ஊதாரிகள் எனப் பழிப்பது அறியாமை. இச்சலுகை கோருவோருக்குப் பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் பணம் தரலாகாது என்னும் விதி 2017 முதல் நடப்பில் உள்ளது. அதற்குள் வாடகைப் பாக்கியும் குளிர்காலத்து எரிபொருள் கணக்கும் குவிந்துவிடும். கொடிய வட்டிக் கடனை அடைப்பதும் சேமிப்பே என்பது என் கருத்து. ஆனால் முழுவதையும் கடனுக்கே கொடுத்துவிட்டால், அடுத்த பழுது அதே கடன்காரனிடம் கொண்டுபோய் நிறுத்தும். சிறு பங்கேனும் தனியே நிற்க வேண்டும்.

களத்துமேட்டில் நெல் குவியும்போதே விதைநெல்லை ஒதுக்கிவிடுவான் உழவன். வீட்டுக்கு வந்த நெல் குதிரில் தங்காது என்பதை அவன் அறிவான். அதற்கு ஒப்பான ஏற்பாடு 2007-இல் அங்கே வந்தது. வரிக்கணக்குடன் ஒரு படிவத்தைச் சேர்த்தால், ரீஃபண்டை மூன்று கணக்குகள் வரை பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். பணம் கைக்கு வருமுன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது.

2011-இல் நியூயார்க், நியூவார்க், டல்சா, சான் அன்டோனியோ ஆகிய நான்கு நகரங்களில் ஒரு சோதனை தொடங்கிற்று. ரீஃபண்டிலிருந்து குறைந்தது 200 டாலரைத் தனிக் கணக்கில் இட்டு, வாக்களித்த தொகையை ஓராண்டு தொடாதிருந்தால், அதில் பாதியை, 500 டாலர் வரை, ஊக்கத்தொகையாக அளித்தனர். மூன்றரை ஆண்டுகள் சென்று ஆராய்ந்தபோது, இதில் சேர்ந்தோரிடையே சேமிப்பு உடையோர் மிகுந்திருந்தனர். கடனோ குறையவில்லை, வறுமையின் இடர்களும் குறைந்ததாகத் தெரியவில்லை. சில நூறு டாலர் தாங்கும் சுமைக்கு ஓர் எல்லையுண்டு அன்றோ?

சட்டமே குறுக்கே நிற்கும் இடமும் ஒன்று உண்டு. வறிய முதியோர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் மத்திய அரசாங்கம் தரும் உதவித்தொகையைப் பெற, தனியொருவரின் கைப்பொருள் 2,000 டாலரைத் தாண்டலாகாது. 1989 முதல் உள்ள இவ்வரம்பு 2025 வரை உயர்த்தப்படவில்லை. ரீஃபண்டுத் தொகைக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் விலக்கு உண்டு. அதன்பின், ஆபத்துக்கென ஆண்டு முழுதும் காத்து வைத்த அப்பணமும் கணக்கில் சேர்ந்து, பதின்மூன்றாம் மாதத்து உதவித்தொகையை நிறுத்திவிடக்கூடும்.