குளத்தை அளந்து பார்க்கும் தணிக்கை

திருவாலங்காடு என்றதும் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் நினைவுக்கு வரும். பழையனூர் என்ற ஊரை அங்குள்ள கோயிலுக்குக் கொடுத்ததை எல்லையோடு பதிந்த 31 ஏடுகள். கொடுத்ததைப் பதிவது ஒன்று; அது போய்ச் சேர்ந்ததா என்று ஊரே கேட்பது வேறு. அப்படிக் கேட்பதற்கு வழியாக, 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நூறு நாள் வேலைக் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்குத் தந்தது.

கணக்கு தெரியாதவர்கள் எப்படித் தணிக்கை செய்வார்கள் என்பார்கள். மண்வெட்டி பிடித்தவருக்குக் குளம் எத்தனை அடி வெட்டினோம் என்று தெரியும். வருகைப் பதிவேட்டில் செத்துப்போனவர் பெயர் இருந்தால் அதுவும் தெரியும். ஊர்ப்பகை புகாதா? புகும். அதனால்தான், தணிக்கைக்கு உதவ வருகிறவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது என்றன அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டுத் தணிக்கை விதிகள். எனக்குக் குறையாகப் படுவது வேறு: முறைகேட்டைச் சபை கண்டுபிடிக்கலாம், பணத்தைத் திரும்ப வசூலிப்பது அதிகாரிகள் கையில்.