மண்வெட்டி இருக்கிறதா?

நான் கோலா கெத்தில் தோட்டத்துப் பிள்ளை.

2022 ஜூலை 4. இனாஸ் மலையிலிருந்து மரமும் மண்ணுமாய் இறங்கிய வெள்ளம், எங்கள் பாலிங் மாவட்டத்துக் குப்பாங் பகுதியில் ஈபோய் கம்பத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று உயிர்கள் போயின. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறே நாள்!

எங்கள் தேவாலய இளைஞர்கள் லாரியில் பழைய துணியும் மீ பாக்கெட்டும் ஏற்றிப் போனோம். ஒரு மலாய்ப் பாட்டி கேட்டார்: "உடுத்திக்கொண்டு எங்கே உட்காருவது தம்பி? வீடெல்லாம் சேறு. மண்வெட்டி இருக்கிறதா?" எங்களிடம் ஒன்றுகூட இல்லை, ஐயா!

மறுநாள் தோட்டத்தில் வீடு வீடாய் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் இரவல் கேட்டோம். கொடுத்தவர்களில் பலர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு நாள் சேறு அள்ளினோம். பெருநாளன்று அந்தப் பாட்டி தன் வீட்டுத் தரையிலேயே பாய் விரித்துத் தொழுதார்.

வீட்டில் மிஞ்சியதை இறக்கிவிட்டு வருவது சேவை ஆகாது. போகுமுன், "என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.