விசில் யார் கையில்?

(நாமக்கல்லில் மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கூடைப்பந்து பற்றிப் பேசுகிறேன் என்றதும், ஏற்பாடு செய்த தோழர் "இதில் சாதி எங்கே வருகிறது?" என்று கேட்டார். வரும், கொஞ்சம் பொறுங்கள்.

நான் படித்த பள்ளியில் சிமெண்டுத் தரையில் இரண்டு கம்பம் நட்டு ஒரு கோர்ட் இருந்தது. அணியின் ஐந்து பேரில் மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். எங்களுக்கு பி.டி. சார் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பந்தப் புடி, அவன்கிட்டக் குடு." கூடையில் போடுவது ஊர்ப் பையன்களின் வேலை. கேப்டனும் அவர்களில் ஒருவன்தான். அப்போது அதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. நன்றாகக் குதிக்கிறோம், அதனால் பிடிக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பல வருடம் கழித்து, ஆய்வுக்காக வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஏர்ல் லாயிட் என்பவரின் ஆட்டக் கணக்கு கண்ணில் பட்டது. அன்றைக்குத்தான் அந்த பி.டி. சாரின் குரல் மறுபடியும் காதில் விழுந்தது.

லாயிட் 1928இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளியில் படித்தார். பிறகு மேற்கு வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரி, அதுவும் கறுப்பின மாணவர்களுக்கானதே. ஏறக்குறைய ஆறரை அடி உயரம். நிலாவில் ஏதாவது பழுதென்றால் இவன்தான் ஏறிச் சரிசெய்யணும் என்று சீனியர்கள் கேலி செய்ததில் 'மூன்ஃபிக்ஸர்' என்று பட்டப்பெயர் வந்தது.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ, 1950இல்தான் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று ராச்செஸ்டர் நகரில் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காக லாயிட் இறங்கினார். ஆறு புள்ளிகள் எடுத்தார். மறுநாள் பாஸ்டன் அணிக்காக சக் கூப்பர் இறங்கினார், அடுத்த சில நாளில் நியூயார்க்குக்காக நேட் கிளிஃப்டன். அட்டவணை அப்படி அமைந்ததால் 'முதல்வர்' என்ற பெயர் லாயிடுக்குப் போயிற்று. அவர் அதை வைத்துப் பெருமை பேசியதில்லை.

ஃபோர்ட் வெய்ன் என்ற ஊருக்கு ஆடப் போனபோது நடந்ததை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹோட்டலில் அறை கொடுத்தார்கள். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரக் கூடாது என்றுவிட்டார்கள். அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். கதவு தட்டும் சத்தம். பயிற்சியாளர் போன்ஸ் மெக்கின்னி, வெள்ளைக்காரர், தெற்கத்திக்காரர், வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நெகிழ்ச்சியான காட்சிதான். ஆனாலும் இப்படிப்பட்ட காட்சிகளை நாம் கொண்டாடும் விதத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சமபந்தி போட்டோக்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு அப்படியேதான் இருந்தது.

கேபிடல்ஸுக்கு ஏழு ஆட்டம் ஆடியதும் ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் அந்த அணியே கலைந்துபோனது. அடுத்து சிரக்யூஸ் நேஷனல்ஸ். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பது, ரீபவுண்ட் எடுப்பது, சக ஆட்டக்காரருக்கு வழி திறந்து விடுவது. புள்ளி குவிப்பது வேறு ஆட்களின் வேலை. லாயிடின் வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 8.4 புள்ளிகள். அந்தக் காலத்தில் பல கறுப்பின ஆட்டக்காரர்களின் பங்கு இப்படித்தான் வரையறுக்கப்பட்டிருந்தது. பந்தப் புடி, அவன்கிட்டக் குடு.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மூத்த கதை உண்டு. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்தவர். வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவார். ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். இருந்தும் பம்பாயின் இந்து அணிக்கு அவரைக் கேப்டனாக்க மறுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பொறுப்பு கிடைத்தது. தோள் வேண்டும், மணிக்கட்டு வேண்டும். அந்தத் தலை போடும் திட்டத்துக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும் என்கிறபோதுதான் சிக்கல்.

லாயிடுக்கு வருவோம். 1955இல் சிரக்யூஸ் சாம்பியன் ஆனது. லாயிடும் ஜிம் டக்கரும் சாம்பியன் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர்கள். இறுதிப் போட்டியில் அவர்கள் தோற்கடித்தது எந்த அணியை என்று நினைக்கிறீர்கள்? ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். அந்தச் சாப்பாட்டுக் கூடம் இருந்த ஊரின் அணி. ஏழாவது ஆட்டம், 92-91. அந்த பிஸ்டன்ஸ் 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் லாயிட் ஆடியதும் அங்கேதான். 1960இல் ஓய்வு பெற்றபின் அதே அணிக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேடித் தரும் வேலை பார்த்தார். 1968இல் துணைப் பயிற்சியாளர் ஆனார்.

தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1971இல். முதல் ஆட்டத்திலிருந்து கணக்கிட்டால் 21 ஆண்டுகள். அவருக்கு முன்பு என்பிஏவில் தலைமைப் பயிற்சியாளரான கறுப்பினத்தவர் மூவர்: பில் ரஸ்ஸல், லென்னி வில்கன்ஸ், அல் ஆட்டில்ஸ். மூவரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள்.

லாயிட் கைக்கு அணி வந்த நேரத்தைப் பாருங்கள். சீசன் தொடங்கிப் பத்தே ஆட்டத்தில் முந்தைய பயிற்சியாளர் ராஜினாமா செய்துவிட்டார். நட்சத்திர ஆட்டக்காரர் டேவ் பிங் கண்ணில் அடிபட்டு ஏறக்குறைய பாதி சீசன் இல்லை. லாரி ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இன்ஜின் மக்கர் செய்யும் வண்டியின் சாவியைப் பாதி மலையில் கையில் கொடுப்பது மாதிரி. அந்த சீசனில் அவர் தலைமையில் 20 வெற்றி, 50 தோல்வி. அடுத்த சீசனில் 2 வெற்றி, 5 தோல்வி. ஏழாவது ஆட்டத்தோடு நீக்கிவிட்டார்கள். அதன்பின் அவர் என்பிஏவில் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை.

நிறவெறியால்தான் நீக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்து வந்த ரே ஸ்காட்டும் கறுப்பினத்தவர்தான். 1973-74இல் அதே அணியை 52 ஆட்டங்களில் வெல்ல வைத்து, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். லாயிட் நல்ல பயிற்சியாளர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். திறமைசாலிக்கு வழி விடுங்கள் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சுமாரான ஆளுக்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும் வசதி இன்னொரு தரப்புக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

பள்ளியில் என்னோடு ரீபவுண்ட் எடுத்த நண்பன் இப்போது கோழிப்பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறான். வண்டி இல்லாத மாலைகளில் ஓர் அரசுப் பள்ளி கோர்ட்டில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறான், ஐந்து வருடமாக, சம்பளம் இல்லாமல். போட்டிக்குப் பிள்ளைகள் போகும்போது பயிற்சியாளர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர்தான் இருக்கும். இவன் வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவான்.

போன வாரம் அவனிடம் லாயிட் கதையைச் சொன்னேன். 22 வெற்றி, 55 தோல்வி, அப்புறம் அனுப்பிவிட்டார்கள் என்றேன். அவன் விரல் விட்டு எண்ணிக் கூட்டிப் பார்த்தான்.

"ஏன் மாப்ள, எழுபத்தேழு மேட்ச்சு குடுத்தாங்களா?"