ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு தாயைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், இரண்டு வீட்டு வரி ரசீதுகள். மகனுக்கு ஜாமீன் உத்தரவாகிப் பத்து நாளாயிற்று. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வந்த இருவரில் ஒருவருடைய ரசீது, இறந்துபோன அவர் அப்பாவின் பெயரிலேயே இருந்தது. செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மோதி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் ஒரு மாஜிஸ்திரேட். உடன்பிறந்த சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும், 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு இங்கே ஒரு கதவைத் திறக்கிறது. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைச் சொந்தப் பிணையில் விட வேண்டும். சாதாரணத் திருட்டு வழக்கென்றால் ஓராண்டு. சொந்தப் பிணை என்றால் ஜாமீன்தாரரே வேண்டாம். மஞ்சள் பைக்கு வேலையில்லை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அது புரிகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தாலும் இல்லை என்கிறதே இதன் ஓர் உட்பிரிவு, அதுதான் சர்ச்சை. வீடு புகுந்து திருடினான் என்று எழுதினாலே, அத்துமீறல் ஒன்று, திருட்டு ஒன்று என இரண்டு குற்றமாகிவிடுகிறதே! எழுத்துக்கு எழுத்து படித்தால், திறந்த கதவு பெரும்பாலோருக்கு மூடிக்கொள்ளும். இந்த உட்பிரிவைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நேயர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. சட்டமே அப்படிச் சொல்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்தால், மனு போயிற்றா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.